நிறுத்தாத மெஷின்

மார்ச் 4, செவ்வாய்

நாற்பத்தொரு வைக்கோல் கட்டு. அதில் ஆறு கோணல்.

கோணல் என்று நான் சொல்லவில்லை, வயல்காரர் சொன்னார். "என்னம்மா, ஒரு பக்கம் பசியோட இருக்கு, ஒரு பக்கம் ஏப்பம் விடுது?" சிரித்துவிட்டேன். அது இவர் காதில் விழுந்துவிட்டது.

"அங்க என்ன சிரிப்பு?"

இவர் வயலில் இல்லை. வீட்டில், கட்டிலில். காலையில் நான் ட்ராக்டரில் ஏறியதும் போன் போடுவார், சாயங்காலம் இறங்கும்வரை வைக்க மாட்டார். என் காதில் இயர்போன், அதற்குள் என் கணவர். பின்னால் வைக்கோல் கட்டுகிற பேலர் ஓடுகிற சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். "என்ஜின் திணறுது. ஆக்சிலேட்டரைக் குறைக்காதே, கியரைக் குறை." "நூல் சுத்தறது சீக்கிரம் முடிஞ்சிருச்சே, இன்னும் நாலு சுத்து விடு." சொல்வது எல்லாம் சரியாகவே இருக்கும். அதுதான் கஷ்டம். தப்பாகச் சொன்னால் சண்டையாவது போடலாம்.

ரெண்டு வருஷமாக மெஷின் கொட்டகையில் நின்றது. வேற ஆள் இல்லை என்று போன மாதம் என்னை ஏற்றி உட்கார வைத்தார்கள். மருந்துக்கடை வேலைக்கு மூன்று மாதம் லீவு சொல்லியிருக்கிறேன். அறுவடை முடியும்வரைதான். அப்படித்தான் பேச்சு.

மார்ச் 5, புதன்

கோணல் ஏன் வருகிறது என்று புரிந்தது. வைக்கோல் வரிசை மெஷினின் வாயைவிட ஒடுக்கம். நேராக நடுவிலேயே ஓட்டினால் நடுவில் மட்டும் சேர்ந்து கட்டு பீப்பாய் மாதிரி வருகிறது. ஒரு பக்கமே ஓட்டினால் அந்தப் பக்கம் தொப்பை. கொஞ்ச தூரம் இடது கன்னத்துக்கு, கொஞ்ச தூரம் வலது கன்னத்துக்கு. குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி மாற்றி மாற்றிக் கொடுக்கணும். அதற்காகப் பாம்பு மாதிரி நெளியவும் கூடாது.

நானே கண்டுபிடித்தேன் என்று சந்தோஷமாகச் சொன்னேன். "அதைத்தான் ஒரு வாரமா கத்திட்டிருக்கேன்" என்றது காது.

மார்ச் 8, சனி

காலையில் பனி. பத்தரை மணிக்கு ஒரு பிடி வைக்கோலை எடுத்து முறுக்கிப் பார்த்தேன். ஒடியவில்லை, வளைந்தது. ஈரம். ஈரத்தோடு கட்டினால் உள்ளே சூடேறிப் பூசணம் பிடிக்கும், மாடு மோந்துகூடப் பார்க்காது. காத்திருக்கலாம் என்றேன். இவரும் சரி என்றார். அத்தைக்குத்தான் பொறுக்கவில்லை. இவருடைய போனை வாங்கி, "வெயில் மண்டையைப் பொளக்குது, அங்க என்ன பண்றே?" என்றார்கள்.

அத்தைக்கு யாரையாவது திட்டணும். ரெண்டு வருஷமாகத் திட்ட வேண்டிய ஆள் வீட்டில் இல்லை, அதனால் எனக்கு விழுகிறது.

அந்த ஆள் என் கொழுந்தன். அத்தைக்கு இளைய மகன். ரெண்டு வருஷத்துக்கு முன் இதே பருவத்தில் இவர் கீழே, கொழுந்தன் சீட்டில். மெஷின் வாயில் வைக்கோல் அடைத்துக்கொண்டது. இவர் நிறுத்தச் சொல்லிவிட்டு, நின்ற மெஷினுக்குள் கையை விட்டாராம். கொழுந்தன் கவனிக்காமல் மறுபடி ஓட்டிவிட்டானாம். வலது கை மணிக்கட்டோடு போயிற்று. ஆஸ்பத்திரியில் இவர் சொன்னது அந்த ஒரே வாக்கியம்தான்: "தம்பி ஓட்டிட்டான்மா." கொழுந்தன் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. சுவரைப் பார்த்து நின்றான். ஒரு வாரத்தில் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். வெளியூரில் ஒரு கிடங்கில் மூட்டை ஏற்றுகிறான்; விலாசத்தை அவன் சிநேகிதன் ஒருவன் என்னிடம் கொடுத்திருக்கிறான். அவன் பேரை எடுத்தால் அத்தை தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிடுவார்கள்.

அவன் இருந்திருந்தால் நான் இந்த சீட்டில் உட்கார்ந்திருக்க மாட்டேன். சில நாள் அவன்மேல் எனக்கும் கோபம் வரும். எழுதிவிட்டேன். உண்மைதான்.

மார்ச் 11, செவ்வாய்

மெஷினுக்கு கிரீஸ் அடிக்க மெக்கானிக் வந்தார். எல்லாரும் அவரை போல்ட்டு என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவர் மனைவி உட்பட. ஒரு விஷயத்தை என்னைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார், வாய்ப்பாடு மாதிரி. அடைச்சா என்ன பண்ணணும்? பிடிஓவை எடுக்கணும், அதாவது ட்ராக்டரிலிருந்து மெஷினுக்கு விசை போகிற தண்டின் லீவரை. அப்புறம்? என்ஜினை அணைக்கணும். அப்புறம்? சாவியை எடுத்துப் பையில போடணும். அப்புறம்? தண்டு சுத்தறது நிக்கிறவரைக்கும் கீழ இறங்கக் கூடாது.

"வைக்கோலை நீ பிடிச்சிருக்கேன்னு நினைப்பே. அது உன்னைப் பிடிச்சிருக்கும். மெஷின் இழுக்கிற வேகத்துக்குக் கையை விடணும்னு மூளை சொல்றதுக்குள்ள கை உள்ள போயிருக்கும்" என்றார்.

பிறகு என் காதைப் பார்த்தார். "உன் வீட்டுக்காரர் காதுல உட்கார்ந்திருக்காரு, நீ சீட்டுல உட்கார்ந்திருக்கே. அப்ப மெஷினை யார்தான் ஓட்டுறது?"

இவருக்கும் கேட்டிருக்கும்.

மார்ச் 12, புதன்

எழுபத்திரண்டு! ஒன்றுகூடக் கோணல் இல்லை.

கட்டு நிறைந்ததும் மணி அடிக்கும். உடனே நகர்வதை நிறுத்திவிட்டு, நூல் சுற்றி முடியும்வரை சுற்றலை மட்டும் விட்டு, பின்கதவைத் திறந்தால் உருண்டையாக விழுகிறது. சரிவான இடத்தில் வண்டியைக் குறுக்கே திருப்பி நிறுத்தித்தான் விடணும், இல்லாவிட்டால் கட்டு உருண்டு ஓடி அடுத்தவன் வயலில் போய் நிற்கும். இதெல்லாம் இப்போது யோசிக்காமல் வருகிறது. கழுத்துதான் திரும்பித் திரும்பிப் பார்த்து வலிக்கிறது.

சாப்பிடும்போது அத்தை சொன்னார்கள்: "இவ்வளவு நல்லா ஓட்டறே. இனிமே மருந்துக்கடை எதுக்கு?"

இவர் தலையாட்டினார். பெருமையோடுதான்.

கட்டு கோணலாகவே வந்திருக்கலாமோ? நல்லா ஓட்டினது என் தப்பா?

மார்ச் 13, வியாழன்

அறுபத்தெட்டு.

மார்ச் 15, சனி

மருந்துக்கடை அக்கா போன் பண்ணினார். காதில் இவர் இருந்ததால் எடுக்க முடியவில்லை. மூன்று தடவை அடித்து நின்றது. "யாரு?" என்றார் இவர். "ராங் நம்பர்" என்றேன். ஏன் பொய் சொன்னேன்? மறைக்க என்ன இருக்கிறது?

கண்ணாடிக் கூண்டுக்குள் நாள் பூரா உட்கார்ந்திருக்கிறேன். சுற்றிலும் வெட்ட வெளி, ஆனால் நாலு எட்டு நடக்க முடியாது. பாட்டு முணுமுணுத்தால் "என்ன?" என்கிறார். இருமினால் "தண்ணி குடி" என்கிறார். அக்கறைதான். அக்கறையும் மூச்சை அடைக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

அவரும்தான் பாவம். நாலு சுவருக்குள் கிடக்கிறார். அவருக்கு வெளியே என்று இருப்பது என் காதில் கேட்கிற இந்தச் சத்தம் மட்டும். கை போனதிலிருந்து ஒரு தடவைகூட வயல் பக்கம் வந்ததில்லை.

மார்ச் 18, செவ்வாய்

இன்றே எழுதிவிடணும், நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

மேட்டு வயல். ரெண்டு மணிக்கே மேற்கே கருத்துவிட்டது. இன்னும் இருபது கட்டுக்கு வைக்கோல் கிடந்தது. அறுவடை மெஷின் திரும்பின மூலையில் வரிசை குவியலாகக் கிடந்தது. வேகத்தைக் குறைப்பதற்குள் மெஷின் வாயில் அடைத்துக்கொண்டது. பெல்ட் கரிகிற வாசனை. லீவரை எடுத்தேன், அணைத்தேன், சாவியைப் பையில் போட்டேன், தண்டு நிற்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

"ஏன் நிறுத்தினே?"

"அடைச்சுக்கிச்சு."

"மழை வருதுன்னு நீதானே சொன்னே? முழுசா நிறுத்தி எடுத்துட்டு இருந்தா அரை மணி நேரம் போயிடும். ஓட விட்டுட்டுக் கீழ இருந்து ஒரு கொத்து இழு. மீதியை மெஷினே வாங்கிக்கும்."

"ஓடறப்ப கை வைக்கக் கூடாதுன்னு போல்ட்டு அண்ணன்..."

"அவன் வயல்ல இறங்கி ஓட்டியிருக்கானா? பன்னெண்டு வருஷம் ஓட்டினவன் நான். ஒரு நாள்கூட நிறுத்தி எடுத்ததில்ல. அன்னைக்குக்கூட அந்தக் கொத்தை ஒரு நொடி முன்னாடி விட்டிருந்தேன்னா..."

நின்றுவிட்டது பேச்சு.

மெஷின் சத்தமும் இல்லை. காற்று மட்டும். அவர் மூச்சு விடுவது கேட்டது.

எனக்கு உடனே புரியவில்லை. ரெண்டு மூன்று தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். கொத்தை விட்டிருந்தேன்னா. நின்ற மெஷினில் கொத்தை எதற்கு விடணும்?

"ஏங்க," என்றேன். "அன்னைக்கு மெஷின் ஓடிட்டுத்தான் இருந்துச்சா?"

போனை வைத்துவிட்டார். நான் ஏறினது முதல் இன்றைக்கு வரைக்கும் அவராக வைத்தது இதுதான் முதல் தடவை.

மழை வந்தது. நான் இறங்கவே இல்லை. கண்ணாடி பூரா தண்ணீர். இருபது கட்டு வைக்கோலும் நனைந்ததைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 19, புதன்

வயல் ஈரம். வேலை இல்லை. அத்தை கடைக்குப் போன நேரம் கேட்டேன். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. சட்டை மடித்துக்கொண்டே கேட்டேன்.

சன்னலைப் பார்த்துச் சொன்னார்.

"கண்ணு முழிச்சப்ப அம்மா எதிர்ல நின்னுட்டு இருந்தாங்க. எப்படிடான்னு கேட்டாங்க. நானே முட்டாள்தனமா கையைக் கொடுத்தேன்னு சொல்ல வாய் வரல. அது வந்துடுச்சு."

"வந்துடுச்சா?"

"அவன் இல்லன்னு சொல்லுவான்னு நினைச்சேன். சொன்னா ஒத்துக்கலாம்னு இருந்தேன். அவன் சொல்லவே இல்லையே."

"அதுக்கு? அதுவும் அவன் தப்பா?"

கை இருந்த இடத்தை இன்னொரு கையால் தேய்த்துக்கொண்டே இருந்தார். வலிக்கும்போது அப்படிச் செய்வார். வழக்கமாக நான் எண்ணெய் எடுத்துப்போய்த் தடவுவேன். இன்று போகவில்லை. போகாதது பெரிய கொடுமையாகவும் இருந்தது. போனால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே என்றும் இருந்தது.

அத்தை வந்துவிட்டார்கள். பேச்சு முடிந்தது.

மார்ச் 20, வியாழன்

மென்று முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

மார்ச் 22, சனி

வைக்கோலைப் புரட்டிப் போட்டுக் காயவைத்துக் கட்டினோம். ஐம்பத்தைந்து. இயர்போன் மாட்டவில்லை. அவரும் கூப்பிடவில்லை. எத்தனை நாள் இந்த அமைதிக்கு ஏங்கினேன்! கிடைத்ததும் பிடிக்கவில்லை. அமைதியில் கொழுந்தன் வந்து உட்கார்ந்துகொள்கிறான். சுவரைப் பார்த்து நின்ற முதுகு.

அத்தை சாயங்காலம் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: "பெத்த வயிறு எரியுது, ஆனா அண்ணன் கையைத் தின்னவனை எப்படிங்க உள்ள விடறது?" எங்கள் வீட்டுச் சன்னல் திறந்துதான் இருந்தது. இவர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

நான் சொன்னால்? புருஷனைக் காட்டிக்கொடுத்தவள். சொல்லாவிட்டால்? நானும் சேர்ந்து அவன் தலையில் மிதிக்கிறேன். ரெண்டு பக்கமும் சுவர்தான்.

இந்த சீட்டில் நான் உட்கார்ந்திருப்பதே அந்த ஒரு வாக்கியத்தால்தான். அவனைத் துரத்தின அதே வாக்கியம்தான் என்னைப் பிடித்து இங்கே கட்டிப்போட்டது.

மார்ச் 23, ஞாயிறு

இவரிடம் சொன்னேன்: "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா நாளைலேருந்து ஏற மாட்டேன். அது அவன் இடம். நீங்க சொல்றவரைக்கும் எனக்கு அதுல உட்கார முடியாது."

"மிரட்டறியா?"

"இல்லங்க. நிஜமாவே முடியல."

மார்ச் 24, திங்கள்

ஏறவில்லை. அடுப்படியில் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். தேவைக்கு மேல், ஒரு கூடை பூரா.

ஒன்பது மணிக்கு வயல்காரர் போன். ஒன்பதரைக்கு மறுபடி. இவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். அத்தை என்னிடம் வந்து, "உடம்பு சரியில்லையா? அப்புறம் ஏன் பொணம் மாதிரி உட்கார்ந்திருக்கே?" என்றார்கள். நான் வெங்காயத்தைப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வர ஒரு காரணமாவது இருந்தது.

பத்து மணி இருக்கும். "அம்மா, இங்க வாங்க. உட்காருங்க" என்றார் இவர்.

சொல்லிவிட்டார். நாலே வாக்கியம். மெஷின் நிக்கவே இல்லம்மா. நான்தான் கையை விட்டேன். நிறுத்துடான்னு நான் கத்தினப்புறம்தான் அவன் லீவரைத் தொட்டான். அவன் நிறுத்தலைன்னா நானே போயிருப்பேன்.

அந்தக் கடைசி வாக்கியம் எனக்கும் புதுசு.

அத்தை அழுவார்கள், அடிப்பார்கள், கத்துவார்கள் என்று நினைத்தேன். ஒன்றும் இல்லை. என் பக்கம் திரும்பினார்கள். "உனக்கு எப்பத்திலேருந்து தெரியும்?"

"ஆறு நாளா, அத்தை."

"ஆறு நாளா என் கையாலதான் சாப்பிட்டே."

பிறகு எழுந்து பையில் ஒரு சேலையைத் திணித்தார்கள். அவன் இருக்கிற ஊர்ப் பேர்கூட அவர்களுக்குச் சரியாகத் தெரியாது. என்னிடம்தான் கேட்டார்கள். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். நான் கூட வருகிறேன் என்றதற்கு, "எம் புள்ளைகிட்ட எனக்குப் போகத் தெரியும்" என்றார்கள். இவர் வாசல்வரை பின்னாலேயே போனார். அத்தை திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ் போன பிறகு இவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தொடவில்லை. உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

மார்ச் 25, செவ்வாய்

ஏறினேன். வேறு என்ன செய்ய? வயல்காரர்கள் வைக்கோலைப் பரப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள். அறுபது கட்டு.

மார்ச் 27, வியாழன்

கொழுந்தன் கூப்பிட்டான். ரெண்டு வருஷத்துக்குப் பிறகு "அண்ணி" என்று கேட்டதும் எழுந்து நின்றுவிட்டேன்.

கோபப்படுவான் என்று நினைத்தேன். குரலில் கோபத்துக்குக்கூடத் தெம்பு இல்லை.

"அண்ணி, அன்னைக்கு அண்ணன் கத்தினாரு, நான் லீவரைத் தள்ளினேன். அது மட்டும்தான் ஞாபகம் இருக்கு. நிறுத்தத் தள்ளினேனா, ஓட்டத் தள்ளினேனா... ரெண்டு வருஷமா படுத்துட்டு கையை அசைச்சு அசைச்சுப் பாப்பேன். இந்தப் பக்கமா, அந்தப் பக்கமான்னு. அண்ணன் சொன்னதும், அப்ப நான் ஓட்டத்தான் தள்ளியிருக்கேன்னு ஆயிடுச்சு."

"நீ நிறுத்தத்தான் தள்ளினே."

"ம்."

"உன்னாலதான் அவர் உயிரோட இருக்காரு. அவரே சொன்னாரு."

பின்னால் யாரோ மூட்டைகளை எண்ணுகிற குரல். "அண்ணன் பக்கத்துல இருக்காரா?" என்றான். இருந்தார். நான் சொல்வதற்குள், "வேணாம் அண்ணி, இப்ப கொடுக்காதீங்க. என்ன பேசறதுன்னு தெரியல" என்று வைத்துவிட்டான்.

இவர் நீட்டின கையை மடக்கிக்கொண்டார்.

மார்ச் 31, திங்கள்

மருந்துக்கடை அக்காவை நானே கூப்பிட்டேன். "நீ எடுக்கவே இல்லையேம்மா, எத்தனை நாள் காத்திருப்பேன்? போன வாரம்தான் ஒரு பொண்ணைச் சேர்த்தேன். இடம் வந்தா முதல்ல உன்னைத்தான் கூப்பிடுவேன்." நல்ல மனுஷி. மனசாரத்தான் சொன்னார். எதிர்பார்த்ததுதான். ஆனாலும் போனை வைத்த பிறகு கொட்டகையில் மெஷினைப் பார்க்க முடியவில்லை. கொஞ்ச நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அத்தை இன்னும் வரவில்லை. அடுத்தவர் போனிலிருந்து ஒரு தடவை பேசினார்கள். அங்கே ஒரே அறை, மூன்று பேர் தங்குகிறார்களாம். "அவன் சமைக்கிறது வாயில வைக்க முடியல. இவ்வளவு நாள் இதைத் தின்னுட்டுத்தான் இருந்திருக்கான்" என்று சொல்லி அழுதார்கள். இவரை விசாரிக்கவில்லை. என்னையும்தான்.

ஏப்ரல் 3, வியாழன்

வயலில் திரும்பும்போது வரப்பில் ஒரு ஆள் நிற்பது தெரிந்தது. கிட்டே போனதும்தான் இவர் என்று புரிந்தது. ரெண்டு கிலோமீட்டர் நடந்து வந்திருக்கிறார். மெஷின் பக்கம் வரவில்லை. அது கிட்டே போகும்போதெல்லாம் ஒரு எட்டுப் பின்னால் வைத்தார்.

சாப்பாட்டுக்கு நிறுத்தினதும் சொன்னார்: "இந்தப் பருவத்தோட முடிச்சிடலாம். மெஷினை வேற யாராவது ஓட்டட்டும், இல்ல வித்துடலாம். உனக்குப் பிடிக்காத வேலையை உன் தலையில கட்டினேன்."

பிடிக்காத வேலையா? எனக்கே தெரியவில்லை. ஓட்டுவது பிடித்துத்தான் இருந்தது. இறங்க முடியாததுதான் பிடிக்கவில்லை. அதை அவரிடம் சொன்னேன். புரிந்ததா என்று தெரியவில்லை. இன்னும் ஒன்பது வயல் பாக்கி இருக்கிறது.

ஏப்ரல் 9, புதன்

கொழுந்தன் கூப்பிட்டான், அவனாகவே. வர மாட்டானாம். "அந்தச் சத்தம் கேட்டாலே இன்னும் காதைப் பொத்திக்கிறேன் அண்ணி. அண்ணன்கிட்ட ஒரு நாள் பேசறேன், இப்ப இல்ல." அத்தை இன்னும் ஒரு மாதம் அங்கேயே இருக்கப் போகிறார்களாம், பக்கத்தில் தனி அறை பார்த்திருக்கிறான்.

வைக்கப் போகும்போது, "அண்ணி, பீரோவுல என் பழைய டிரவுசர் பையில லைசென்ஸ் இருக்கும். கிடைச்சா அனுப்பறீங்களா?" என்றான். கிடங்கில் வண்டி ஓட்ட ஆள் கேட்கிறார்களாம். இத்தனை நாள் தெரியாது என்று சொல்லிவிட்டு மூட்டைதான் தூக்கியிருக்கிறான். ரெண்டு வருஷத்தில் ஒரு ஸ்டியரிங்கையும் தொடவில்லை.

தேடினேன், கிடைத்தது. இன்னும் நாலு மாதம் செல்லும். படத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறான்.

உறையில் போட்டு விலாசம் எழுத உட்கார்ந்தேன். "நான் எழுதறேன்" என்று இவர் பேனாவை வாங்கிக்கொண்டார். இடது கை. முதல் உறையில் எழுத்தெல்லாம் சரிந்து ஓரத்தில் போய் விழுந்தது. கிழித்துப் போட்டார். ரெண்டாவது உறை. வலது முழங்கையால் அது நகராமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு தம்பி பேரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். கால் மணி நேரம் ஆயிற்று. நான் பேனாவைக் கேட்கவில்லை.

தபாலாபீஸ் மூடுவதற்குள் அவரே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார்.